இரண்டு காய்ச்சல்களுக்கு நடுவே எவ்வளவு தூரம்?

1948-இல் ஜோசப் ஸ்மாடல் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவ ஆய்வாளர் ஒரு சிறு குழுவுடன் கோலாலம்பூர் வந்தார். குளோரோமைசெட்டின் என்ற புதிய மருந்தை அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள். வெனிசுவேலா மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து அதற்கு முந்தைய ஆண்டுதான் அதைப் பிரித்தெடுத்திருந்தனர். குளோராம்பெனிகால் என்று இன்று நாம் அழைக்கும் மருந்து அது. ஸ்கிரப் டைபஸ் என்ற காய்ச்சலுக்கு அது வேலை செய்கிறதா என்று பார்க்கவே அவர்கள் வந்தார்கள். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று வருவது இதுதான். இரண்டாம் உலகப் போரில் ஆசியக் காடுகளில் போரிட்ட வீரர்களை அது வாட்டியிருந்தது. மலாயாவின் செம்பனைத் தோட்டங்களிலும் லாலான் புல்வெளிகளிலும் வேலை செய்தவர்களுக்கோ அதற்கு முன்பிருந்தே அது பழகிய எமன்.

கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகம் அந்தக் குழுவுக்கு இடம் கொடுத்தது. மருந்து ஸ்கிரப் டைபஸைக் குணப்படுத்தியது. அத்துடன் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஸ்கிரப் டைபஸ் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்டவர்களில் டைபாய்டு இருந்தவர்களும் கலந்திருந்தார்கள். அவர்களுக்கும் காய்ச்சல் இறங்கியது. அதுவரை டைபாய்டுக்கு உருப்படியான மருந்து எதுவும் கிடையாது. தியோடர் உட்வர்ட், ஸ்மாடல், கோலாலம்பூரில் பணியாற்றிய கிரீன், மான்கிகர் ஆகியோர் அதே 1948-இல் இந்தக் கண்டுபிடிப்பை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். டைபாய்டு சிகிச்சையின் வரலாறு அங்கிருந்து திரும்பியது.

ஒரு நோயை இன்னொரு நோயாக எண்ணிய குழப்பத்தில் டைபாய்டுக்கு ஒரு மருந்து பிறந்தது. அந்தக் குழப்பத்துக்கு அடியில் இந்த அத்தியாயத்தின் கேள்வி இருக்கிறது. இரண்டு நோய்கள் எந்த அளவுக்கு ஒன்றுபோல இருக்கின்றன? அதை ஓர் எண்ணாகச் சொல்ல முடியுமா? சொன்னால், அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? கணினியின் காலத்தில் இந்தக் கேள்விக்குப் பொருள் ஒப்புமை அளவீடு என்று பெயர். கோலாலம்பூர் ஆய்வாளர்கள் அதைக் கணினி வருவதற்கு வெகு முன்பே கேட்டுவிட்டார்கள்.

பெயர் சொல்லும் பொய்

கணினிக்கு மிக எளிதான வேலை எழுத்துகளை ஒப்பிடுவது. எழுத்தை மட்டும் பார்த்தால் டைபஸும் டைபாய்டும் உடன்பிறந்தவை. ஆங்கிலத்தில் எழுதினால் நெருக்கம் இன்னும் கூடும். ஸ்கிரப் டைபஸும், ஜப்பானில் சுட்சுகாமுஷி என்று அழைக்கப்படும் காய்ச்சலும் முன்பின் அறியாத அந்நியர்கள். உண்மை இதற்கு நேர் எதிர். டைபாய்டு, குடலில் புகும் சால்மோனெல்லா கிருமியால் வருவது. அசுத்தமான நீரும் உணவும் அதற்கு வழி. டைபஸ் வகைக் காய்ச்சல்கள் பேன், தெள்ளுப்பூச்சி, உண்ணி ஆகியவற்றின் வழியாக வருபவை. இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று பிலடெல்பியாவில் வில்லியம் கெர்ஹார்ட் 1837-இல் பிரித்துக் காட்டினார். மறுபுறம், மலாயாவின் ஸ்கிரப் டைபஸும் ஜப்பானின் சுட்சுகாமுஷியும் ஒரே நோய். அதை நிறுவியது கோலாலம்பூர்.

அந்தக் கதை இரண்டு கட்டமாக நடந்தது. 1920-களில் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் வில்லியம் பிளெட்சரும் லெஸ்லரும் 'வெப்பமண்டல டைபஸ்' என்று அப்போது அழைக்கப்பட்ட காய்ச்சலை ஆராய்ந்தார்கள். நோயாளியின் ரத்த நீரைப் புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவுடன் கலந்தால், டைபஸ் இருந்தால் பாக்டீரியா திரிதிரியாகத் திரளும். வைல், பெலிக்ஸ் என்ற இருவர் 1916-இல் கண்டுபிடித்த சோதனை இது. கோலாலம்பூரில் புரோட்டியஸின் இரண்டு வளர்ப்புகள் இருந்தன. ஒன்று வார்சா வகை. மற்றொன்றை கிங்ஸ்பரி என்ற ஆய்வாளர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்திருந்தார். இரண்டும் ஒன்றே என்றுதான் எண்ணியிருந்தார்கள். சோதித்தபோது நகரத்தில் கடைகளில் வேலை பார்த்தவர்களின் ரத்த நீர் வார்சா வகையைத் திரளச் செய்தது. தோட்டப்புறத்தில் வேலை செய்தவர்களின் ரத்த நீர் கிங்ஸ்பரி வகையை மட்டும் திரளச் செய்தது. ஒரே பெயரில் இருந்த காய்ச்சல் நகர டைபஸ், நாட்டுப்புற டைபஸ் என்று இரண்டாகப் பிரிந்தது. எலிகளின் தெள்ளுப்பூச்சியால் பரவுவது முதலாவது. உண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருவது இரண்டாவது; ஸ்கிரப் டைபஸ் என்பது இதைத்தான்.

அடுத்த கட்டம் சேர்த்தல். நாட்டுப்புற டைபஸும் சுட்சுகாமுஷியும் வேறு வேறு என்று பலரும் நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. சுட்சுகாமுஷி நோயாளியின் உடலில் உண்ணி கடித்த இடத்தில் கறுத்த பொருக்குப் புண் இருக்கும். மலாயாவின் தோட்டத் தொழிலாளர்களிடம் அந்தப் புண் பெரும்பாலும் தென்படவில்லை. ரேமண்ட் லூத்வைட்டும் சவூரும் 1930-களில் முயல்களிலும் கினிப் பன்றிகளிலும் சோதனை செய்தார்கள். ஒரு நோயிலிருந்து மீண்ட விலங்கை மற்ற நோயின் கிருமி தாக்குகிறதா என்று பார்த்தார்கள். தாக்கவில்லை. ஆகவே இரண்டும் ஒரே நோய் என்று 1940-இல் அறிவித்தார்கள்.

இன்று ஒரு மருத்துவச் சொல்வங்கியில் இந்த இரண்டு பெயர்களும் ஒரே குறியீட்டின் கீழ் மாற்றுப் பெயர்களாக நிற்கின்றன. அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல ஆண்டு ஆய்வகப் பணி இருக்கிறது.

கருத்துகளின் மரம்

அப்படிப்பட்ட சொல்வங்கிக்கு அறிவியலில் ஆன்டாலஜி என்று பெயர். அகராதி சொற்களை அகர வரிசையில் அடுக்கும். ஆன்டாலஜி கருத்துகளை உறவு வரிசையில் அடுக்கும். அதன் அடிப்படை உறவு மிக எளிது: 'இது அதன் ஒரு வகை'. ஸ்கிரப் டைபஸ் ரிக்கெட்சியத் தொற்றின் ஒரு வகை. ரிக்கெட்சியத் தொற்று பாக்டீரியத் தொற்றின் ஒரு வகை. பாக்டீரியத் தொற்று தொற்றுநோயின் ஒரு வகை. தொற்றுநோய் நோயின் ஒரு வகை. மேலே போகப் போகக் கருத்து பொதுவாகும். கீழே வர வரக் குறிப்பாகும்.

மருத்துவ நூல்களை அடுக்க அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960-இல் மெஷ் என்ற தலைப்பு அடுக்கை உருவாக்கியது. உயிரணுக்களில் மரபணுக்கள் செய்யும் வேலைகளை அடுக்கும் ஜீன் ஆன்டாலஜி 2000-இல் அறிமுகமானது. நோய் அறிகுறிகளுக்கென ஹியூமன் பீனோடைப் ஆன்டாலஜி 2008-இல் வந்தது. மருத்துவமனைப் பதிவுகளுக்கான ஸ்னோமெட் சிடி இவற்றில் மிகப் பெரியது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் அதில் உள்ளன. மலேசியா, இந்தியா, இலங்கை மூன்றும் அதைப் பராமரிக்கும் அமைப்பின் உறுப்பு நாடுகள்.

இதன் நடைமுறைப் பயனைக் கிள்ளானில் ஏதாவது ஒரு கிளினிக்கில் பார்க்கலாம். ஒருவர் 'இனிப்பு நீர்' என்பார். அடுத்தவர் மலாயில் 'கென்சிங் மானிஸ்' என்பார். மருத்துவர் 'டிஎம்' என்று கிறுக்குவார். மாத்திரைப் பையில் 'டயபெட்டிஸ்' என்று இருக்கும். ஸ்னோமெட்டில் இவை எல்லாம் 73211009 என்ற ஒரே எண். ஒரே நோய்க்குப் பல பெயர் என்ற சிக்கல் அங்கே தீர்கிறது. வெவ்வேறு நோய்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

படிகளை எண்ணலாமா?

முதல் யோசனை யாருக்கும் தோன்றக்கூடியது. மரத்தில் ஒரு கருத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக எத்தனை படி என்று எண்ணுவது. ராய் ராடாவும் அவருடைய குழுவினரும் 1989-இல் மெஷ் அடுக்கின் மேல் இதைச் செய்து காட்டினார்கள். ஸ்கிரப் டைபஸிலிருந்து ரிக்கெட்சியத் தொற்றுக்கு ஒரு படி ஏறி, அங்கிருந்து நகர டைபஸுக்கு ஒரு படி இறங்கினால் மொத்தம் இரண்டு படி. ஸ்கிரப் டைபஸிலிருந்து டைபாய்டுக்குப் போக ரிக்கெட்சியத் தொற்றையும் தாண்டிப் பாக்டீரியத் தொற்று வரை ஏற வேண்டும். படிகள் கூடும். இதுவரை சரிதான்.

ஆனால் அதே மரத்தின் உச்சியைப் பாருங்கள். 'தொற்றுநோய்' ஒரு கிளை, 'புற்றுநோய்' ஒரு கிளை. இரண்டுக்கும் மேலே 'நோய்' என்ற வேர். தொற்றுநோயிலிருந்து புற்றுநோய்க்கும் இரண்டே படி. அப்படியானால் இரண்டு டைபஸ் காய்ச்சல்களுக்கு நடுவே உள்ள நெருக்கமும், தொற்றுக்கும் புற்றுக்கும் நடுவே உள்ள நெருக்கமும் ஒன்றா? எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் உள்ள கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கம்யூட்டர் ரயிலில் போகிறவர்களுக்கு இந்தத் தவறு எளிதாகப் புரியும். பெட்டாலிங், ஜாலான் டெம்ப்ளர், கம்போங் டத்தோ ஹருன் என்று நிலையங்கள் அடுத்தடுத்து வந்துவிடும். சுபாங் ஜெயாவைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு இடைவெளியும் நீண்டுவிடும். நிலையங்களை எண்ணித் தூரத்தைச் சொன்னால் கணக்கு தப்பும். ஆன்டாலஜியும் அப்படித்தான். மேலே ஒரு படி என்பது பெரும் பாய்ச்சல். கீழே ஒரு படி என்பது நூலிழை வித்தியாசம். எங்கே ஆய்வாளர்கள் அதிகம் உழைத்தார்களோ அங்கே படிகள் நெருக்கமாக இருக்கும். படிகளின் எண்ணிக்கையில் நோயின் இயல்போடு, மரத்தை வரைந்தவர்களின் அக்கறையும் கலந்திருக்கிறது.

அரியதற்கே எடை

பிலிப் ரெஸ்னிக் 1995-இல் வேறு வழி சொன்னார். இரண்டு கருத்துகளுக்கும் பொதுவான மூதாதைகளில் மிகக் குறிப்பானது எது என்று பாருங்கள். அந்த மூதாதை எவ்வளவு அரிதானதோ அவ்வளவு ஒப்புமை. 'இரண்டும் நோய்கள்' என்று சொன்னால் நமக்கு எதுவும் தெரியவில்லை. 'இரண்டும் ரிக்கெட்சியத் தொற்றுகள்' என்றால் நிறையத் தெரிகிறது. அரிய செய்தியில்தான் தகவல் அதிகம் என்பது 1948-இல் கிளாட் ஷானன் வகுத்த தகவல் கோட்பாட்டின் அடிப்படை. ரெஸ்னிக் அதை மரத்தின் மேல் பொருத்தினார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிதலுக்காக ஒரு கற்பனை மருத்துவமனையில் 1,024 நோயாளிக் குறிப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் 512 தொற்றுநோய்கள். அவற்றுள் 128 பாக்டீரியத் தொற்று. அவற்றுள் 8 ரிக்கெட்சியத் தொற்று, 16 டைபாய்டு. அந்த எட்டில் 4 ஸ்கிரப் டைபஸ், 2 நகர டைபஸ். வைரஸ் பக்கத்தில் 64 டிங்கி காய்ச்சல்.

ஒவ்வொரு கருத்தின் தகவல் கனத்தையும் இப்படிக் கணக்கிடலாம்: மொத்தக் குறிப்புகளை எத்தனை முறை பாதியாக்கினால் அந்தக் கருத்தின் எண்ணிக்கை வருகிறது? 1,024-ஐ ஒரு முறை பாதியாக்கினால் 512. ஆகவே தொற்றுநோயின் கனம் 1. மூன்று முறை பாதியாக்கினால் 128. பாக்டீரியத் தொற்றின் கனம் 3. டிங்கி 4, டைபாய்டு 6, ரிக்கெட்சியத் தொற்று 7, ஸ்கிரப் டைபஸ் 8, நகர டைபஸ் 9. வேரில் இருக்கும் 'நோய்' என்ற கருத்துக்குக் கனம் பூஜ்யம். எல்லாருக்கும் பொருந்துவது எதையும் சொல்வதில்லை.

இனி ஒப்புமை. ஸ்கிரப் டைபஸுக்கும் நகர டைபஸுக்கும் பொது மூதாதை ரிக்கெட்சியத் தொற்று, மதிப்பு 7. ஸ்கிரப் டைபஸுக்கும் டைபாய்டுக்கும் பொது மூதாதை பாக்டீரியத் தொற்று, மதிப்பு 3. ஸ்கிரப் டைபஸுக்கும் டிங்கிக்கும் 1. தொற்றுக்கும் புற்றுக்கும் பூஜ்யம். படி எண்ணியபோது வந்த அபத்தம் மறைந்துவிட்டது.

டெகாங் லின் 1998-இல் இதைச் சற்றுத் திருத்தினார். பொது மூதாதையின் கனத்தை இரட்டித்து, இரண்டு நோய்களின் சொந்தக் கனங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு மதிப்பு வரும். இரண்டு டைபஸுகளுக்கு 14-ஐ 17-ஆல் வகுக்க 0.82. ஸ்கிரப் டைபஸுக்கும் டைபாய்டுக்கும் 6-ஐ 14-ஆல் வகுக்க 0.43. டிங்கியோடு ஒப்பிட்டால் 2-ஐ 12-ஆல் வகுக்க 0.17.

இந்த 0.43-ஐ வைத்துக்கொண்டு 1948-க்குத் திரும்பிப் பார்க்கலாம். ஸ்கிரப் டைபஸும் டைபாய்டும் நெருங்கிய உறவு இல்லை. பரவும் வழி வேறு, தாக்கும் உறுப்பு வேறு, கிருமியின் குடும்பம் வேறு. ஆனால் அவை சந்திக்கும் கணு 'பாக்டீரியத் தொற்று'. குளோராம்பெனிகால் பாக்டீரியாக்கள் புரதம் தயாரிக்கும் இயந்திரமான ரைபோசோமை முடக்குகிறது. அந்த இயந்திரம் இரண்டு கிருமிகளிலும் இருக்கிறது. அதாவது மருந்து வேலை செய்த மட்டமும், இரண்டு நோய்கள் சந்தித்த மட்டமும் ஒன்று. தவறுதலாக டிங்கி நோயாளிக்கு அதைக் கொடுத்திருந்தால் பலன் இருந்திருக்காது. வைரஸுக்குச் சொந்த ரைபோசோம் கிடையாது. எண் 0.43 என்பதைவிட, அந்த எண் எந்தக் கணுவிலிருந்து வந்தது என்பதே இங்கே பெரிய செய்தி. பழைய மருந்துக்குப் புதிய நோயைத் தேடும் இன்றைய ஆய்வாளர்கள் ஆன்டாலஜியில் துழாவுவது இப்படிப்பட்ட சந்திப்புகளைத்தான்.

மருத்துவர்களே ஒத்துப்போவதில்லை

கணினி தரும் எண் சரிதானா என்று யாரிடம் கேட்பது? மனிதர்களிடம்தான். டெட் பெடர்சன், செர்கேய் பகோமோவ், சித்தார்த் பட்வர்தன், கிறிஸ்டபர் சூட் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு முன்னோடி. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூன்று மருத்துவர்களிடமும் ஒன்பது குறியீட்டாளர்களிடமும் 30 சொல் இணைகளைக் கொடுத்தார்கள். குறியீட்டாளர் என்பவர் நோயாளிக் குறிப்பைப் படித்து அதற்குரிய நோய் எண்ணை இடுபவர். ஒவ்வோர் இணைக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை மதிப்பெண். நான்கு என்றால் ஏறத்தாழ ஒரே பொருள். ஒன்று என்றால் சம்பந்தமே இல்லை.

மருத்துவர்களுக்குள் இருந்த உடன்பாடு 0.68. குறியீட்டாளர்களுக்குள் 0.78. முழு உடன்பாடு என்றால் 1 வர வேண்டும். நோயாளிகளைப் பார்த்துப் பழகியவர்களைவிட, பட்டியலைப் பார்த்துப் பழகியவர்கள் தங்களுக்குள் அதிகம் ஒத்துப்போனார்கள். அது வியப்பில்லை. குறியீட்டாளரின் மனத்தில் ஒரு மரம் ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவரின் மனத்தில் இருப்பது நோயாளிகள். இதயச் செயலிழப்பையும் நுரையீரல் நீர்க்கோப்பையும் அவர் ஒரே படுக்கையில் பார்த்திருப்பார். மரத்தில் அவை வெவ்வேறு கிளைகளில் இருக்கலாம். ஆகவே கணினியின் எண் யாரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு முக்கிய வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒப்புமை வேறு, தொடர்பு வேறு. டிங்கியும் மலேரியாவும் ஒப்புமை உடையவை: இரண்டும் கொசுவால் வரும் காய்ச்சல்கள். டிங்கியும் கொசுவும் தொடர்பு உடையவை; ஆனால் ஒன்று நோய், மற்றது பூச்சி. 'ஒரு வகை' என்ற உறவை மட்டும் கொண்ட மரத்தில் டிங்கிக்கும் கொசுவுக்கும் ஒப்புமை ஏறத்தாழப் பூஜ்யம். நோயைத் தடுக்க நினைப்பவருக்கோ அந்தத் தொடர்பே எல்லாம்.

கிள்ளானின் இரண்டு கொசுக்கள்

மால்கம் வாட்சன் 1901-இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் ஸ்வெட்டென்ஹாம் துறைமுகத்தை, இன்றைய போர்ட் கிள்ளானை, மலேரியா உடனே பிடித்துக்கொண்டது. அனாபிலிஸ் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897-இல் இந்தியாவில் கண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்சன் நகரைச் சுற்றியிருந்த சதுப்புக் காட்டை வெட்டி, வடிகால் தோண்டச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் அடங்கியது. மலேரியா தடுப்பு வரலாற்றில் அது உலக அளவில் பேசப்பட்ட வெற்றி.

பிறகு அதே முறையை மலைப்பாங்கான ரப்பர் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் குறையவில்லை. காட்டை வெட்டிய இடங்களில் கூடியது. காரணத்தை வாட்சனே கண்டறிந்தார். சமவெளியில் இருந்தது அனாபிலிஸ் அம்ப்ரோசஸ். நிழல் விழும் சதுப்பு நீரில் முட்டையிடுவது அது. மலையில் இருந்தது அனாபிலிஸ் மாக்குலேட்டஸ். வெயில் படும் தெளிந்த ஓடையைத் தேடுவது. காட்டை வெட்டினால் முதலாவது போய்விடும், இரண்டாவதற்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும்.

இரண்டும் ஒரே பேரினத்தின் பிள்ளைகள். எந்த அளவீட்டில் போட்டாலும் ஒப்புமை மிக உயர்ந்த எண்ணாக வரும். அந்த எண்ணை நம்பி ஒரே சிகிச்சையை இரண்டுக்கும் செய்தால் தோட்டத் தொழிலாளி செத்துப்போவான். மரத்தில் நிழல், வெயில் என்ற உறவு வரையப்படாதவரை கணினிக்கு இது தெரிய வழியில்லை. அதனால்தான் இன்றைய ஆன்டாலஜிகள் 'ஒரு வகை' என்பதோடு நிற்பதில்லை. 'இதனால் உண்டாவது', 'இங்கே காணப்படுவது', 'இதன் ஒரு பகுதி' என்ற உறவுகளையும் சேர்க்கின்றன.

நிப்பா கற்பித்தது

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளையழற்சி என்று முடிவு செய்யப்பட்டது. பன்றி, காய்ச்சல், மூளை வீக்கம் மூன்றும் அதற்குப் பொருந்தின. கொசுவுக்குப் புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்துக்குப் பரவியது.

பொருந்தாத சில உண்மைகளும் இருந்தன. ஜப்பானிய மூளையழற்சி பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றிகளைக் கையாண்ட வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளும் நோயுற்றுச் செத்தன. அருகிலேயே வாழ்ந்தும் பன்றியைத் தொடாத மக்களுக்கு வரவில்லை; கொசு அப்படி ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நோயாளி சுங்கை நிப்பா கிராமத்தைச் சேர்ந்தவர்; வைரஸுக்கு நிப்பா என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைத் தாக்கிய ஹெண்ட்ரா வைரஸின் நெருங்கிய உறவாக அது இருந்தது. பழந்தின்னி வௌவால்கள் அதன் இயற்கை இருப்பிடம் என்பது பிறகு தெரிந்தது. மலேசியாவில் நோயுற்றவர்கள் 265 பேர். இறந்தவர்கள் 105 பேர். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன.

இந்த இரண்டு நோய்களுக்கும் இன்று ஒப்புமை கணக்கிட்டால் என்ன வரும்? ஸ்னோமெட்டில் ஒரு நோய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெற்றோர் இருக்கலாம். 'வைரஸ் மூளையழற்சி' என்ற கணு வழியாகப் போனால் நிப்பாவும் ஜப்பானிய மூளையழற்சியும் மிக நெருக்கம். கிருமியின் குடும்ப வழியாகப் போனால் ஒன்று பாராமிக்சோ வைரஸ், மற்றது பிளேவி வைரஸ், நெடுந்தூரம். இரண்டு எண்களும் சரி. மூளை வீக்கத்துக்கு எப்படிச் சிகிச்சை செய்வது என்று கேட்கும் மருத்துவருக்கு முதல் எண் பயன்படும். கொசுவுக்குப் புகை அடிப்பதா, பன்றிகளை அகற்றுவதா என்று கேட்கும் அதிகாரிக்கு இரண்டாவது எண் வேண்டும். மலேசியா மாதக்கணக்கில் முதல் எண்ணை வைத்து இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடியது.

அறிகுறிகளை ஒப்பிடும் முறைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஹியூமன் பீனோடைப் ஆன்டாலஜியைக் கொண்டு நோயாளியின் அறிகுறிகளை நோய்களோடு பொருத்தும் பீனோமைசர் என்ற கருவி 2009-இல் வெளிவந்தது. அது 'காய்ச்சல்' என்ற பொது அறிகுறிக்கு மிகக் குறைந்த எடை தரும். அரிய அறிகுறிக்கு அதிக எடை தரும். அரிய மரபுநோய்களைக் கண்டறிய இது பெரிதும் உதவுகிறது. ஆனால் எந்த அறிகுறியை யார் கவனித்துப் பதிவு செய்தார்கள் என்பதைப் பொறுத்தே விடை அமையும். மலாயாவில் பொருக்குப் புண் தென்படாததால் ஒரே நோய் இரண்டாகக் கருதப்பட்டதை நினைத்துப் பாருங்கள். பன்றிகள் இறந்தன என்ற செய்தி, மனித அறிகுறிகளின் பட்டியலில் எந்தக் கட்டத்திலும் இடம்பெறாது.

மரமும் இடம் மாறும்

ஸ்கிரப் டைபஸின் கிருமி நெடுங்காலம் ரிக்கெட்சியா பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதன் மேலுறையும் மரபணுவும் மற்ற ரிக்கெட்சியாக்களிலிருந்து பெரிதும் வேறுபடுவதைக் கண்ட ஜப்பானிய ஆய்வாளர்கள், 1995-இல் அதை ஓரியன்ஷியா என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார்கள். அன்று எந்தத் தோட்டத்திலும் எந்த நோயாளிக்கும் எதுவும் மாறவில்லை. ஆனால் கிருமிகளின் மரத்தில் ஸ்கிரப் டைபஸுக்கும் நகர டைபஸுக்கும் இடையே இருந்த தூரம் கூடிவிட்டது. உலகச் சுகாதார அமைப்பின் பத்தாம் நோய்ப் பட்டியலிலோ ஏ75.3 என்ற எண்ணுக்கு எதிரே பழைய ரிக்கெட்சியா பெயர்தான். நகர டைபஸ் ஏ75.2. பக்கத்து வீட்டு எண்கள். எந்த மரத்தைப் பயன்படுத்துகிறோம், அதன் எந்த ஆண்டுப் பதிப்பைப் பயன்படுத்துகிறோம் என்பதைச் சொல்லாமல் ஒப்புமை எண்ணைச் சொல்வது, எந்த நாட்டுப் பணம் என்று சொல்லாமல் விலை சொல்வதற்குச் சமம்.

மரமே இல்லாமல் ஒப்புமையை அளக்கும் வழியும் இப்போது வந்துவிட்டது. கோடிக்கணக்கான கட்டுரைகளைப் படித்து, ஒரு சொல் எந்தெந்தச் சொற்களுக்கு அருகே வருகிறது என்பதைக் கொண்டு அதை ஓர் எண்வரிசையாக மாற்றும் மொழி மாதிரிகள் அவை. தொடர்பை அவை நன்றாகப் பிடிக்கும். டிங்கி வரும் இடத்தில் கொசுவும் வரும் அல்லவா. ஆனால் ஏன் அந்த எண் வந்தது என்று கேட்டால் சுட்டிக்காட்ட ஒரு கணு இராது. ஆங்கிலத்தில் அதிகம் எழுதப்பட்ட நோய்களை நன்கு அறியும். தோட்டப்புறத்து நோய்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு, ஆகவே அறிவதும் குறைவு. இன்றைய நல்ல கருவிகள் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன.

பயன்கள் பெருகிவருகின்றன. பிலிப் லார்டும் சகாக்களும் 2003-இல் ஜீன் ஆன்டாலஜியின் மேல் ரெஸ்னிக் முறையைப் பொருத்திப் புரதங்களின் வேலையை ஒப்பிட்டது முதல், மருத்துவமனைப் பதிவுகளில் ஒத்த நோயாளிகளைத் தேடுவது வரை இந்தக் கணக்கு உள்ளே ஓடுகிறது. நாளை உங்கள் மருத்துவரின் திரையிலும் 'இதற்கு மிக நெருங்கிய நோய்கள்' என்று ஒரு பட்டியல் வரலாம். அந்தப் பட்டியலை வெறுக்கவும் வேண்டாம், வணங்கவும் வேண்டாம். இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எதைப் பொறுத்து இவை நெருக்கம்? எந்தச் செய்தி இந்த மரத்தில் இன்னும் ஏறவில்லை? முதல் கேள்விக்கு ஆன்டாலஜியே பதில் தரும். இரண்டாவதற்குப் பதில் தேட, பிளெட்சரும் சவூரும் சுவாவும் செய்ததுபோல, யாராவது ஒருவர் நோயாளியிடமும் ஆய்வகத்துக்கும் போய்த்தான் ஆக வேண்டும்.